‘நன்றி’ போட்டால் போதுமா?

கோத்தகிரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தம்பியுடன் சேர்ந்து மூன்று ஆண்டுகளாக நீலகிரிச் செய்திகளுக்கென்று சிறிய இணையதளம் ஒன்றை நடத்துகிறார். பச்சைத் தேயிலை விலை, சாலை அடைப்பு, யானை நடமாட்டம், மின்தடை, ஹெத்தையம்மன் திருவிழா என்று மலையில் இருப்பவர்களுக்கு அன்றாடம் தேவைப்படுவதை வெளியிடுகிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“நாங்களே சேகரிக்கும் செய்திகளோடு, நாளிதழ்களில் வருவதையும் எடுத்துப் போடுவோம். கீழே ‘நன்றி’ என்று பத்திரிகையின் பெயரைக் குறிப்பிட்டுவிடுவோம். காலையில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இ-பேப்பரின் பிடிஎஃப்பும் பகிர்வோம். தேயிலை விலை பற்றிய ஒரு சிறப்புக் கட்டுரையின் முதல் ஐந்து பத்திகளையும் அதிலிருந்த புகைப்படத்தையும் போன மாதம் அப்படி வெளியிட்டோம். இப்போது வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. காப்புரிமை மீறல், ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடு, மூன்று ஆண்டு சிறை என்றெல்லாம் எழுதியிருக்கிறார்கள். அம்மாவுக்கு இரண்டு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. ‘ஃபேர் யூஸ்’ என்று ஒன்று இருக்கிறது, பயப்பட வேண்டாம் என்கிறான் தம்பி. லிங்க் கொடுப்பதும் குற்றமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். மழைக்காலத்தில் மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்தபோது தம்பி தன் ஃபோனில் எடுத்த வீடியோவை ஒரு தொலைக்காட்சி, எங்கள் தளத்தின் முத்திரையை வெட்டிவிட்டு, நாள் முழுக்க ஒளிபரப்பியது. கேட்டதற்குப் பதில் இல்லை. பெரியவர்களுக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா? அந்த ஃபோனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு நல்ல கேமரா உள்ள ஃபோன் வாங்கப்போகிறோம். இனிமேல் எல்லாப் படங்களையும் நாங்களே எடுப்பதாக இருக்கிறோம்.”

அன்புள்ள சகோதரி,

முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள்: வக்கீல் நோட்டீஸ் என்பது வழக்கு அல்ல, தீர்ப்பும் அல்ல. எதிர்த்தரப்பு தன் குறையை எழுத்தில் சொல்லியிருக்கிறது. பதில் எழுத உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. அம்மா நிம்மதியாகச் சாப்பிடலாம். அதற்காக நோட்டீஸை அலமாரியில் செருகிவிட்டு மறந்துவிடவும் கூடாது. ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

ஒரு சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள். காப்புரிமை என்பது புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படுவது. எழுத்துக்கும் படத்துக்கும் வீடியோவுக்கும் இருப்பது பதிப்புரிமை. பத்திரிகைகளே இவை இரண்டையும் குழப்புகின்றன என்றாலும், நீங்கள் எழுதப்போகும் பதிலில் அந்தக் குழப்பம் இருக்கக் கூடாது. உங்களுக்குப் பொருந்துவது 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்.

இப்போது அந்த ‘நன்றி’க்கு வருவோம். வழக்கறிஞராவதற்கு முன் பத்தாண்டுகள் கோவையில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தேன். அந்தக் காலத்திலிருந்தே இந்தச் சொல்லின் மேல் நம் தொழிலில் ஒரு மூடநம்பிக்கை இருக்கிறது. கீழே ‘நன்றி’ என்று போட்டுவிட்டால் மேலே எதை வேண்டுமானாலும் போடலாம் என்ற நம்பிக்கை. நன்றி சொல்வது மரியாதை. அது அனுமதி ஆகாது. யாருடையது என்று தெரிந்தே எடுத்தோம் என்பதற்கு நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாகக்கூட எதிர்த்தரப்பு வாதிடலாம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பவர், உடைக்கும்போது கடைக்காரரின் பெயரை உரக்கச் சொன்னால் மட்டும் தேங்காய்க்குக் காசு கொடுத்ததாக ஆகிவிடுமா?

அப்படியானால் நாளிதழில் வந்த எதையுமே தொடக் கூடாதா என்று கேட்பீர்கள். தொடலாம். எதைத் தொடலாம் என்பதைத் தெளிவாகப் பிரித்துத் தெரிந்துகொண்டால் உங்கள் தளம் இன்னும் பல ஆண்டுகள் நிற்கும்.

நடந்தது யாருக்கும் சொந்தமில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. அதை முதலில் அச்சிட்ட நாளிதழ் அந்த எண்ணுக்கு உரிமை கொண்டாட முடியாது. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையும் அப்படித்தான். குன்னூர் ஏலத்தில் இந்த வாரம் தூள் என்ன விலைக்குப் போனது என்பதும் அப்படித்தான். பதிப்புரிமைக்கான பன்னாட்டு உடன்படிக்கையான, இந்தியா 1928 முதல் உறுப்பு வகிக்கும் பெர்ன் உடன்படிக்கையே, அன்றாடச் செய்திக்கும் வெறும் பத்திரிகைத் தகவலுக்கும் தன் பாதுகாப்பு பொருந்தாது என்று சொல்லியிருக்கிறது. நம் உச்ச நீதிமன்றமும் 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் வரலாற்று உண்மைக்கும் பதிப்புரிமை கிடையாது, அவற்றை ஒருவர் வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு என்று வரையறுத்துவிட்டது.

நீங்கள் எடுத்த ஐந்து பத்திகளைக் கடிதத்தோடு அனுப்பியிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். நல்ல எழுத்து. பனி விலகாத காலையில் அந்த நிருபர் ஒரு சேகரிப்பு மையத்தின் எடைத் தராசுக்குப் பக்கத்தில் போய் நின்றிருக்கிறார். மூட்டையோடு வந்த மூன்று சிறு விவசாயிகளிடம் பேசியிருக்கிறார். பறிப்புக் கூலியையும் உரச் செலவையும் கழித்தால் கையில் என்ன மிஞ்சுகிறது என்று அவர்கள் வாயாலேயே கணக்குச் சொல்ல வைத்திருக்கிறார். கிலோவுக்கு என்ன விலை என்பது எல்லோருக்கும் பொது. அந்தக் காலைப் பொழுதை அவர் சொற்களில் வடித்த விதம் பொது அல்ல. அது அவருடையது, அல்லது அவருடைய பத்திரிகையுடையது. வாசகர்கள் உங்கள் தளத்தில் அதைப் படித்துவிட்டால், மூலத்துக்குப் போக அவர்களுக்குக் காரணம் இருக்காது. நோட்டீஸின் வலி அங்கேதான் இருக்கிறது. அந்த வலி நியாயமானது என்றே நினைக்கிறேன்.

தம்பி சொல்லும் ‘ஃபேர் யூஸ்’ அமெரிக்கச் சட்டத்தின் சொல். அங்கே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 107ஆம் பிரிவு நான்கு அளவுகோல்களைத் தந்து, எந்தப் பயன்பாட்டையும் அவற்றால் அளந்துபார்க்க இடம் கொடுக்கிறது. நம் சட்டத்தில் இருப்பது நியாயமான கையாளுகை. 52ஆம் பிரிவின் தொடக்கத்திலேயே எந்தெந்த நோக்கங்களுக்கு என்று பட்டியலிட்டுவிட்டார்கள்: ஆராய்ச்சி உள்ளிட்ட சொந்தப் பயன்பாடு, விமர்சனம் அல்லது மதிப்புரை, நடப்பு நிகழ்வுகளையும் விவகாரங்களையும் செய்தியாக்குதல். உங்கள் தொழில் மூன்றாவதில் வருகிறது. ஆனால் நோக்கம் பட்டியலில் இருந்துவிட்டால் மட்டும் போதாது, கையாண்ட விதமும் நியாயமாக இருக்க வேண்டும். 1996இல் ஒரு மலையாள நாடகத்துக்கு எதிர் நாடகம் எழுதப்பட்ட வழக்கில் கேரள உயர் நீதிமன்றம் மூன்றைப் பார்க்கச் சொன்னது: நீங்கள் சொன்ன கருத்தோடு ஒப்பிட்டால் எடுத்த பகுதியின் அளவும் மதிப்பும் எவ்வளவு, எதற்காக எடுத்தீர்கள், உங்கள் படைப்பு மூலத்துக்குப் போட்டியாக நிற்குமா. உங்கள் ஐந்து பத்திகளை இந்தத் தராசில் வைத்துப் பாருங்கள். உங்கள் சொந்தக் கருத்து ஒரு வரிகூட இல்லை. எடுத்தது கட்டுரையின் உயிர்ப்பகுதி. படிப்பவர்களும் அதே மலைமக்கள். மனம் நோகும் என்று தெரிந்தும் சொல்கிறேன்: இது நிற்காது.

பத்து சதவீதம் வரை எடுக்கலாம், முப்பது நொடி வரை ஓட்டலாம் என்று யூடியூபில் சொல்லித் தருவதை நம்பாதீர்கள். நம் சட்டத்திலும் அமெரிக்கச் சட்டத்திலும் அப்படி ஒரு கணக்கு இல்லை. அமெரிக்காவிலேயே, முன்னாள் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டின் வெளிவராத நினைவுக் குறிப்பிலிருந்து ஏறத்தாழ 300 சொற்களைத்தான் ‘தி நேஷன்’ இதழ் அப்படியே எடுத்து வெளியிட்டது. முழுப் புத்தகத்தில் அது ஒரு துளி. ஆனால் தமக்கு முன் அதிபராக இருந்த நிக்சனை ஃபோர்டு மன்னித்தது பற்றிய பகுதி அந்தத் துளியில் இருந்தது. புத்தகப் பகுதியை முன்கூட்டி வெளியிட 25,000 டாலர் பேசியிருந்த ‘டைம்’ இதழ், தர வேண்டிய பாதித்தொகை 12,500 டாலரைத் தர மறுத்துவிட்டது. 1985இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதை நியாயமான பயன்பாடு என ஏற்கவில்லை.

எது நிற்கும் என்றும் சொல்ல வேண்டும். அதே கட்டுரை, “சிறு விவசாயிகள் தரமற்ற இலையைப் பறிப்பதே விலை சரிவுக்குக் காரணம்” என்று ஒரு வரி எழுதியிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, யார் எழுதியது என்று சொல்லி, மூலத்துக்கு இணைப்பும் கொடுத்து, அதற்குக் கீழே உங்கள் ஊர் விவசாயிகள் நால்வரிடம் கேட்டுப் பத்து வரி மறுப்பு எழுதினால், நான் தைரியமாக உங்கள் பக்கம் நின்று வாதாடுவேன். சட்டம் காப்பாற்ற நினைத்த வேலையே அதுதான்.

சொற்களை மட்டும் மாற்றிப் போடும் பழக்கமும் வேண்டாம். நாளிதழைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ‘கூறினார்’ என்பதைத் ‘தெரிவித்தார்’ என்று மாற்றுவது எழுத்து ஆகாது. படியுங்கள், மூடி வையுங்கள், ஃபோனை எடுத்து ஒருவரிடமாவது நேரில் கேளுங்கள், பிறகு எழுதுங்கள். விலை வேண்டுமா, தேயிலை வாரியத்தின் அறிவிப்பையே பாருங்கள். பர்லியாறில் மரம் விழுந்ததா, அங்கே கடை வைத்திருப்பவரிடம் கேளுங்கள். மலையில் இருக்கும் உங்களுக்கு, கோவையில் மேசைக்கு முன் உட்கார்ந்திருந்த எனக்கு இல்லாத வசதி இது.

அப்படியே எடுத்துப் போடக்கூடியவையும் உண்டு. நீதிமன்றத் தீர்ப்புகளையும் உத்தரவுகளையும், அந்த நீதிமன்றமே தடுத்திருந்தால் தவிர, முழுதாக வெளியிடலாம். அரசிதழில் வந்தவற்றையும், சட்டமன்றமோ நாடாளுமன்றமோ இயற்றிய சட்டங்கள் தவிர, வெளியிடலாம். 2024இல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னபோது, உத்தரவைப் படிக்காமலே ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். உள்ளூர் வண்டிகளுக்கும் பாஸ் வேண்டுமா என்று மக்கள் தவித்தார்கள். உத்தரவின் அந்தப் பகுதியைத் தமிழில் தெளிவாகத் தந்திருந்தால் அதைவிடப் பெரிய சேவை இல்லை. ஒருவரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருந்திருக்காது.

நடப்பு அரசியல், பொருளாதார, சமூக, சமயப் பொருள் பற்றிய கட்டுரையை, எழுதியவர் உரிமையை வெளிப்படையாகத் தக்கவைத்துக்கொள்ளாவிட்டால், நாளிதழோ பருவ இதழோ மறுபதிப்புச் செய்யலாம் என்றும் ஒரு விதிவிலக்கு 52ஆம் பிரிவில் இருக்கிறது. யாராவது உங்களிடம் இதைச் சொல்லி ஆசை காட்டுவார்கள். இணையதளம் அந்தச் சொல்லுக்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. போதாததற்கு, ஏறத்தாழ எல்லாப் பத்திரிகைத் தளங்களின் அடியிலும் ‘அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை’ என்று இருக்கிறது. அதை நம்பி இறங்காதீர்கள்.

லிங்க் பற்றிய பயத்தை விட்டுவிடுங்கள். நல்ல கட்டுரை கண்ணில் பட்டால், அதில் என்ன இருக்கிறது என்று உங்கள் சொற்களில் இரண்டு வரி எழுதி மூலத்துக்கு வழி காட்டுங்கள். தெருமுனையில் நின்று வீட்டைக் காட்டுபவர் வீட்டுக்குள் நுழைந்தவர் ஆகமாட்டார். 2014இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் இந்தக் கேள்வியைக் கொண்டுபோனவர்களே சுவீடன் நாட்டுப் பத்திரிகையாளர்கள்தான். எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியான கட்டுரைக்கு இணைப்புத் தருவது புதிதாக ஒரு வெளியீடு ஆகாது என்று அந்த நீதிமன்றம் சொன்னது. நம்மைக் கட்டுப்படுத்தும் தீர்ப்பு அல்ல, ஆனால் நியாயம் தெளிவாக இருக்கிறது. நம் சட்டத்திலும் 2012 திருத்தம், மின்னணு இணைப்புகளைத் தருவதற்காகத் தற்காலிகமாகச் சேமிப்பதற்கு விலக்கு அளித்தது. அதே இடத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு: இணைக்கப்படுவது திருட்டுப் பிரதி என்று தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தால், அந்த விலக்கு கிடைக்காது.

ஆகவே உங்கள் வாட்ஸ்அப் குழுவில் காலையில் இ-பேப்பரின் பிடிஎஃப் பகிர்வதை இன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் அதை இயல்பாக எழுதியிருந்தீர்கள்; எனக்குத்தான் திக்கென்றது. 2020இல் ஒரு இந்தி நாளிதழின் இ-பேப்பரை டெலிகிராமில் பரப்பிய சேனல்களை நீக்கும்படி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. முழுப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் அதே ரகம்தான்.

உங்கள் தளத்துக்குக் குந்தாவிலிருந்தும் கூடலூரிலிருந்தும் எழுதித் தரும் இருவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பத்திரிகையில் சம்பளத்துக்கு வேலை செய்யும் நிருபர் எழுதியதற்கு, இதழில் வெளியிடும் அளவில் முதல் உரிமை பத்திரிகைக்கு. ஆனால் செய்திக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு எழுதும் பகுதி நேர நிருபர் ஊழியர் அல்ல. எழுத்தில் மாற்றிக் கொடுக்காத வரை உரிமை அவருக்கே. நான் வேலை பார்த்த காலத்தில் ஊட்டியிலிருந்து ஒரு புகைப்படக்காரர், கோவைக்கு இறங்கும் கடைசி பஸ்ஸின் ஓட்டுநரிடம் ஃபிலிம் ரோலைக் கொடுத்து அனுப்புவார். உறைபனி, காட்டெருமை, மலை ரயில் என்று எத்தனையோ படங்கள் முதல் பக்கத்தில் வந்தன. ஒன்றில்கூட அவர் பெயர் இல்லை. பிற்பாடு அதே படங்கள் நாட்காட்டிகளில்கூட வந்தன. அவருக்கு ஒரு ரூபாய் போகவில்லை. அந்தப் படங்களைப் பக்கத்தில் ஏற்றியவர்களில் நானும் ஒருவன். சட்டம் படிக்கப் போனதற்கு அது ஒரு காரணம். உங்களுக்கு எழுதுகிறவர்களோடு ஒரு பக்கத்தில் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயரைப் போடுங்கள்.

இனி நோட்டீஸ். அந்தப் பக்கம் இப்போது இருக்கும் நிலையைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டு, பத்திகளையும் படத்தையும் இன்றே தளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள் ஸ்பீட் போஸ்ட்டில் பதில் அனுப்புங்கள். எடுத்துவிட்டோம், இனி நடக்காது, அந்த வெளியீட்டால் வந்த விளம்பர வருமானம் இவ்வளவு என்று உண்மையான தொகையைச் சொல்லி, நியாயமான உரிமக் கட்டணம் பேசத் தயார் என்று எழுதலாம். ஒரு லட்சத்துக்கு உடனே தலையாட்ட வேண்டாம். இழப்பீடு கேட்பவர் இழப்பைக் காட்ட வேண்டும். சிறை என்று அவர்கள் எழுதியது இல்லாததல்ல. தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் என்று 63ஆம் பிரிவு சொல்கிறது. பிடி ஆணை இல்லாமலே காவல்துறை நடவடிக்கை எடுக்கக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நோட்டீஸை அலமாரியில் செருகாதீர்கள் என்றது இதனால்தான். உடனே நீக்கி, பணிவாகப் பதில் எழுதியவர்கள் மேல் இப்படிப்பட்ட விவகாரம் போலீஸ் வரை போனதை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. பதிலை அனுப்புவதற்கு முன் ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.

தம்பியின் வீடியோ விஷயத்தில் நீங்கள் நினைப்பதைவிட உங்கள் பக்கம் பலமானது. பதிவுசெய்யாவிட்டாலும் பதிப்புரிமை உண்டு; எடுத்த நொடியிலேயே பிறந்துவிடுகிறது. தொலைக்காட்சியும் நடப்புச் செய்திக்காக நியாயமாகக் கையாண்டோம் என்று சொல்லும். உங்கள் பெயரோடு சில நொடிகள் காட்டியிருந்தால் அது எடுபட்டிருக்கலாம். முத்திரையை வெட்டிவிட்டு நாள் முழுக்க ஓட்டியதை நியாயம் என்று வாதிடுவது கடினம். உரிமையாளரைக் காட்டும் தகவலை வேண்டுமென்றே நீக்குவது 65-பி பிரிவின்படி தனிக் குற்றம். இரண்டு ஆண்டு வரை சிறை. வழக்குப் போடச் சென்னைக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டியதில்லை. உரிமையாளர் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம் என்று 62ஆம் பிரிவு அனுமதிக்கிறது. உங்களுக்கு அது உதகமண்டலம். முதலில் ஒளிபரப்பான தேதி, நேரம், பதிவு ஆகியவற்றை இணைத்து, உரிமக் கட்டணமும் பெயர் வெளியீடும் கேட்டு எழுத்தில் நோட்டீஸ் அனுப்புங்கள். அவர்களுடைய யூடியூப் பக்கத்திலும் அந்த வீடியோ இருந்தால், யூடியூபின் பதிப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். பெரும்பாலும் பதில் அங்கிருந்துதான் சீக்கிரம் வரும்.

வழக்கு என்று வந்தால், அந்த வீடியோவை எடுத்தவர் தம்பிதான் என்பதைக் காட்ட வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிரதியில் எடுத்த நாளும் நேரமும் அழிந்துபோயிருக்கும். அசல் கோப்பில் இருக்கும். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் தரும்போது, அது எந்தக் கருவியில் உருவானது என்று சான்றிதழும் இணைக்க வேண்டும். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. கோப்பை அப்படியே ஒரு ஹார்டு டிஸ்க்கில் பிரதியெடுத்து வையுங்கள். புதிய ஃபோன் வாங்குங்கள், நல்லது. பழையதை மட்டும் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள்.